புதுப் பாட்டுத் தொகுப்பு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்போது கொழும்பில் எல்லாரும் கேட்கும் இருபது பாட்டுகளைத் தெரிவுசெய்ய ஒரு மணி நேரம் போதும். தொகுப்பு கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

முதல் பிழை, பாட்டு சரி, பதிவு பிழை. 1983இல் பிரித்தானியாவில் ஈ.எம்.ஐ., வேர்ஜின் ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து 'நவ்' என்ற, அப்போதைய பிரபல பாட்டுகளின் தொகுப்பு வரிசையைத் தொடங்கின. முதல் தொகுப்பில் 30 பாட்டுகள், எல்லாம் அசல் பதிவுகள். அதற்கு முன் அங்கே மலிவாக விற்ற தொகுப்புகள் பலவற்றில் வேறு பாடகர்கள் பாடிய நகல்களே இருந்தன. சனம் தேடுவது தன் காதில் பழகிய அதே பதிவைத்தான். 'மெனிக்கே மகே ஹித்தே' என்ற சிங்களப் பாட்டு முதலில் 2020இல் வந்தது. ஊரெல்லாம் ஒலித்தது 2021இல் யொஹானி பாடிய பதிவு. பிறகு ஹிந்திப் படத்துக்கும் போனது. பெயரை மட்டும் தேடி இறக்கினால் எது வருமென்று சொல்ல முடியாது. தமிழ்ப் படப் பாட்டுகளில் வீடியோவிலிருந்து எடுத்த ஒலியில் நடுவே வசனம் வரும், அல்லது ஒரு சரணமே வெட்டுப்பட்டிருக்கும். ஆல்பத்தில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அரை நிமிடம் வித்தியாசப்பட்டால் அது வேறு பதிவு. டிக்டொக்கில் சுற்றும், வேகம் கூட்டிய பதிவுகளில் சுருதியும் ஏறியிருக்கும். அவற்றை அசலோடு கலக்கவே வேண்டாம்.

128 கேபிபிஎஸ் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) கோப்பை 320க்கு மாற்றினால் தரம் கூடாது, கோப்பின் அளவுதான் கூடும். சந்தேகமென்றால் ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைப் பாருங்கள். 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிட்டால், '320' என்ற பெயரை நம்பாதீர்கள்.

அதிகமானோர் கவனிக்காதது சத்த மட்டம். ஒரு பாட்டுக்குக் குமிழைக் கூட்ட, அடுத்த பாட்டு காதைப் பிளக்கும். பலர் 'நோர்மலைஸ்' கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது பாட்டின் அதியுச்சப் புள்ளியை மட்டுமே ஒரே அளவுக்குக் கொண்டுவரும். இன்றைய நடனப் பாட்டுகள் கடுமையாக அமுக்கப்பட்டவை. உச்சம் அதேயளவாக இருந்தாலும் சராசரிச் சத்தம் மெல்லிசைப் பாட்டைவிடப் பல டெசிபல் கூட. ஆகவே அளக்க வேண்டியது சராசரியை. ஒடாசிட்டியின் 'லவுட்னஸ் நோர்மலைசேஷன்' கருவியில் -14 எல்.யூ.எஃப்.எஸ். (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்து, உச்சம் -1 டெசிபலைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் எல்லாப் பாட்டுகளையும் -16க்கு இறக்குங்கள். சத்தமானதை இறக்குவதுதான் முறை. மெதுவானதைத் தூக்கினால் மேளமும் பேஸும் உடைந்து கரகரக்கும். கையில் எம்பி3 மட்டுமே இருந்தால் எம்பி3கெயின் என்ற மென்பொருள் நல்லது: மறுபடி சுருக்காமல் 1.5 டெசிபல் படிகளாக மாற்றும். அதில் முன்கூட்டியே வைத்திருக்கும் 89 டெசிபல் என்ற அளவு குறைவாகத் தோன்றினாலும் கூட்டாதீர்கள். சத்தம் போதாவிட்டால் கார் செட்டில் குமிழ் இருக்கிறதே.

பென் டிரைவில் போடும்போது வரிசை குழம்புவதற்குக் காரணம் உண்டு. பல கார் செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை, கோப்புகள் பதிவான ஒழுங்கில் வாசிக்கின்றன. இடையில் ஒன்றை அழித்து வேறொன்றைப் போட்டால் புதியது அந்த வெற்றிடத்தில் போய் உட்காரலாம். பெயர்களை 01, 02 என்று தொடங்கி, டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபோர்மட் செய்து, ஒவ்வொன்றாக வரிசையில் பிரதி எடுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற மற்ற முறையிலுள்ள டிரைவைப் பழைய செட்டுகள் அடையாளம் காணாமல் போகலாம். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஆங்கில எழுத்தில் மாற்றுவதே வழி.

இறுவட்டு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடியோ இறுவட்டில் 80 நிமிடம்தான், அதாவது நாலு நிமிடப் பாட்டு 20க்குள். எம்பி3 கோப்புகளாகப் போட்டால் 320இல் ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி, 700 எம்பியில் எழுபதளவு பாட்டு. ஆனால் எம்பி3 வாசிக்காத பழைய பிளேயரில் அது ஓடாது. எழுதி முடித்ததும் இறுவட்டை 'ஃபைனலைஸ்' செய்ய (எழுதுவதை முடித்து மூட) மறந்தாலும் இதே கதிதான்.

ஃபோனில் ஒரே தொகுப்பு இருபது ஆல்பமாகச் சிதறுகிறதா? கோப்புக்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரங்களில் 'ஆல்பம்' பெயரை எல்லாப் பாட்டிலும் ஒன்றாக்கி, 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' இடத்தில் 'பல பாடகர்கள்' என்று எழுதுங்கள். பாடகர் பெயரை 'ஆர்டிஸ்ட்' இடத்தில் மட்டும் விடுங்கள்.

விற்கும் எண்ணமிருந்தால் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைக் கவனிக்காமல் இறங்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமை உண்டு: வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றது. பாடகர் வாயால் சம்மதித்தது போதாது, அந்தப் பதிவு பெரும்பாலும் அவருக்குச் சொந்தமாக இருக்காது. இரண்டு உரிமைக்காரரிடமும் எழுத்தில் வாங்கிய பிறகே அட்டை அச்சிடக் கொடுங்கள்.