மனசு மறுத்துப் பேசாத ஒரு வரி: அஃபர்மேஷன் எழுதும் முறை

அஃபர்மேஷன் என்பது தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் ஊக்க வரி. கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன்" என்று தினமும் நூறு முறை சொல்லியும் ஒன்றும் மாறவில்லை என்றால், குறை உங்களிடம் இல்லை, அந்த வாக்கியத்தில் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் நேசிக்கத்தக்கவர்" என்ற பொருள்படும் வரியைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ மனநிலை முன்பைவிட மோசமானது. நம்ப முடியாத ஒன்றைச் சொன்னதும் "எங்கே, நீயா?" என்று மனசு எதிர்க்கேள்வி கேட்கிறது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த எதிர்க்கேள்விக்கும் ஒரு முறை பயிற்சி கிடைத்துவிடுகிறது.

அதனால் மனசு மறுக்காத வரியாக எழுத வேண்டும். ஒரு நோட்டு, பேனா, அரை மணி நேரம் போதும். அதற்கு முன் மூன்று நாள் கவனிப்பு தேவை.

படி 1: ஏற்கெனவே ஓடும் வரியைப் பிடியுங்கள்

மூன்று நாள், மனம் சுருங்கும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளே கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். "தன்னம்பிக்கைக் குறைபாடு" என்று எழுதினால் பயனில்லை. மனசு அந்த மொழியில் பேசுவதில்லை. "எனக்குக் கணக்கு வராது" என்றுதான் பேசும். பக்கத்திலேயே எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று நாலு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பார்த்தால் ஒரே வரி நாலைந்து முறை வந்திருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவை பிறகு.

படி 2: அளவைக் குறையுங்கள்

"கணக்கு வராது" என்பதையே எடுத்துக்கொள்வோம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிற பலரிடம் கேட்கிற வரி இது. தாளில் மொத்தம் 200 கேள்விகள், அதில் திறனறிவுக் கணக்கு 25. அந்த 25-ஐப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு.

எந்தக் கணக்கு வராது என்று கேளுங்கள். சராசரி வருகிறதா? சதவீதம்? தனிவட்டி? அநேகமாகப் பதில் இப்படி வரும்: "தனிவட்டி போட்டுடுவேன், கூட்டுவட்டியிலதான் குழம்புது." "வராது" என்ற பெரிய சொல் கூட்டுவட்டி என்ற ஒரே இடத்துக்குச் சுருங்கிவிட்டது. இதுதான் பாதி வேலை. இதைத் தாண்டி ஓடுகிறவர்களுக்குத்தான் பின்னால் வரி வேலை செய்வதில்லை.

படி 3: வரியை எழுதுங்கள்

முதல் பாதியில் இன்றைக்கே உண்மையான ஒன்று, இரண்டாம் பாதியில் உங்கள் கைக்குள் இருக்கும் ஒரு செயல்:

"தனிவட்டி எனக்கு வருது. கூட்டுவட்டியில தினம் மூணு கணக்கு போடுறேன்."

வினைச்சொல்லின் முடிவைக் கவனியுங்கள். தமிழில் முக்கால்வாசித் தவறு அங்கேதான் நடக்கிறது. "படிக்கணும்" என்று முடித்தால் அது கடமைப் பட்டியல். சொல்லும்போதே குற்ற உணர்வு வந்துவிடும். "முயற்சி பண்றேன்" என்றால் நழுவ இடம் விட்டாயிற்று. "பயப்பட மாட்டேன்" என்றால் பயத்தின் பெயரைச் சொல்லியே அழைக்கிறீர்கள். "போடுறேன்", "போடுவேன்" என்ற முடிவுகள் நன்றாக உட்காரும். அதிலும் "போடுவேன்" நம் மொழியில் இனி நடக்கப்போவதையும் வழக்கமாக நடப்பதையும் ஒருசேரச் சொல்லும்: "காலையில எழுந்ததும் காபி குடிப்பேன்" என்பதுபோல.

பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். "நான் ஆற்றல் மிக்கவனாகத் திகழ்கிறேன்" என்று தன்னிடம் தானே பேசுகிற ஆள் யாரும் இல்லை. ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம் என்றால் வெட்டுங்கள்.

மதிப்பெண், வேலை, பிறர் பாராட்டு ஆகியவற்றை வரிக்குள் கொண்டுவராதீர்கள். அவை உங்கள் கையில் இல்லை. ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் இறங்கினால் வரியும் சேர்ந்து விழுந்துவிடும்.

படி 4: மறுப்புச் சோதனை

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வரியை எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். உடனே மனசு சொல்லும் பதிலை வலப்பக்கம் எழுதுங்கள்.

"தினம் மூணு கணக்கு போடுறேன்" என்பதற்கு "போன வாரம் நாலு நாள் புத்தகத்தையே தொடலையே" என்று பதில் வந்தால், மனசு சொல்வது சரி. வரியைத்தான் மாற்ற வேண்டும்: "புத்தகத்தை விட்டாலும் மறுநாள் திரும்ப எடுக்கிறேன். இன்னைக்கு ஒரு கணக்கு போடுவேன்." மறுபடி சோதியுங்கள். வலப்பக்கம் "ம், சரி" என்று வரும்வரை திருத்துங்கள். மூன்று நாலு சுற்று ஆகும், அவசரப்பட வேண்டாம்.

எத்தனை முறை திருத்தியும் மறுப்பே வந்தால், வரியை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு ஒன்று செய்யுங்கள். குடும்பம், நட்பு, நேர்மை, கைத்தொழில் என உங்களுக்கு உயிரான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம், எப்போது அதன்படி நடந்தீர்கள் என்று பத்து நிமிடம் எழுதுங்கள். உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-இல் முன்வைத்த சுய உறுதிப்பாட்டுக் கோட்பாட்டிலிருந்து கிளைத்த பயிற்சி இது. தன்னைப் புகழவே தேவையில்லை என்பதால் மனசு எதிர்க்காது.

படி 5: ஒரு கணத்தோடு முடிச்சுப் போடுங்கள்

"தினமும் சொல்வேன்" என்றால் மூன்றாம் நாள் மறந்துவிடும். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள் அதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே காட்டியிருக்கிறார். தமிழில் இதற்குத் தோதாக "-தும்" இருக்கிறது:

"ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சதும், நோட்டை எடுத்து ஒரு கூட்டுவட்டிக் கணக்கு போடுவேன்."

நோட்டு முந்தின கணக்குப் பக்கத்திலேயே திறந்திருக்கட்டும், பேனா அதன்மேல். நோட்டைத் தேட வேண்டியிருந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

படி 6: பதற்றமான நேரத்துக்குத் தனி வரி

தேர்வு அறைக்கு வெளியே, நேர்காணலுக்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். நெஞ்சு படபடக்கும்போது அது வெளிப்படையான பொய். படபடப்பை ஒப்புக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுங்கள்: "உடம்பு தயாராகுது, ஆர்வமா இருக்கு." அதோடு "நான்" என்பதற்குப் பதில் உங்கள் பெயரைச் சொல்லி, வீட்டில் மூத்தவர் சொல்வதுபோலப் பேசிப் பாருங்கள்: "செல்வி, முதல்ல தெரிஞ்ச கேள்வியப் போடும்மா." சொந்தப் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசிக்கொள்வது பதற்றத்திலிருந்து சற்று விலகி நிற்க உதவுகிறது என்று உளவியலாளர் ஈதன் குரோஸின் ஆய்வுகள் சொல்கின்றன.

படி 7: இரண்டு வாரம் கழித்து

எத்தனை முறை சொன்னீர்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை கணக்கு போட்டீர்கள் என்று எண்ணுங்கள். 14 நாளில் பத்து நாளாவது செயல் நடந்திருந்தால் வரி சரி, இன்னும் இரண்டு வாரம் ஓடட்டும். ஐந்துக்கும் கீழே என்றால் படி 4-க்குத் திரும்புங்கள். சொல்லாமலேயே கை நோட்டை எடுக்கத் தொடங்கியதும் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததை எழுதலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, "இருந்து என்ன பயன்" என்ற வரி மட்டுமே ஓடுகிறது என்றால், இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.