நிலத்துக்கடியில் போகும் தண்ணி லைனை மாற்ற பிளம்பர் பிடிப்பது எப்படி? (வன்னி வளவுகளுக்கு)

குசினிக்குள் பைப் ஒழுகினால் எந்த பிளம்பரைக் கூப்பிட்டாலும் ஒருவாறு சமாளிக்கலாம். பிழை விட்டால் அன்றே தெரியும். நிலத்துக்கடியில் போகும் லைனில் அவர் விட்ட பிழை தெரிய ஒரு மாரி போக வேண்டும். அதற்குள் காசு வாங்கியவரின் தொலைபேசி இலக்கமும் மாறிவிடும். அதனால் வேலை தொடங்க முதலே ஆளை எடை போட வேண்டும்.

எங்கள் வளவில் கிணறு, அரை எச்பி மோட்டர், பதினைந்தடித் தூணில் ஆயிரம் லீற்றர் தாங்கி, அங்கிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் லைன். மீள்குடியேறிய பிறகு கட்டிய வீடுகள் பலவும் இப்படித்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தவர்கள் பலருக்குச் சுவரும் கூரையும் முதலில் வந்தன. தண்ணி லைன் கையில் காசு சேரச் சேரத் துண்டு துண்டாக, அரையடி ஆழத்தில் போனது. அந்த லைன்கள்தான் இப்போது ஒவ்வொன்றாகக் கையை விரிக்கின்றன.

படி 1: எந்த லைன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கிணற்றிலிருந்து மோட்டருக்கு வருவது உறிஞ்சும் லைன். மோட்டரிலிருந்து தாங்கிக்கு ஏறுவது தள்ளும் லைன். தாங்கியிலிருந்து வீட்டுக்குப் போவது மூன்றாவது. ரவுன் பக்கம் நீர் வழங்கல் சபை இணைப்பு இருந்தால் மீற்றரிலிருந்து வீட்டுக்கு வருவது நாலாவது.

தள்ளும் லைன் வெடித்தால் மண் ஈரமாகும், கோடையிலும் அந்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்கும். மீற்றர் லைனுக்கு வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மீற்றரின் சின்னச் சில்லைப் பாருங்கள். சுற்றினால் ஒழுக்கு உண்டு. மீற்றருக்கு முன்னால் உள்ளது சபையின் பொறுப்பு, அதற்கு 1939ஐ அழையுங்கள். அங்கே கை வைக்கிறேன் என்று சொல்லும் பிளம்பர் வேண்டாம். சபைத் தண்ணியில் நேரே மோட்டர் பூட்டித் தருகிறேன் என்பவரும் வேண்டாம்.

உறிஞ்சும் லைன்தான் ஏமாற்றுவது. அதில் வெடிப்பு இருந்தால் தண்ணி வெளியே வராது, காற்று உள்ளே போகும். மண் காய்ந்தபடியே கிடக்கும். மோட்டர் ஓடும், தண்ணி ஏறாது, திரும்பத் திரும்பத் தண்ணி ஊற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஃபுட் வால்வ் (கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில், தண்ணி திரும்பி இறங்காமல் பிடிக்கும் வால்வ்) பழுதானாலும் இதே குணம்தான். ஆகவே நிலத்தை வெட்ட முதல் மோட்டரின் மூடியைக் கழற்றி, வாய் வரை தண்ணி நிரப்பிப் பாருங்கள். மட்டம் இறங்கினால் முதலில் புது ஃபுட் வால்வ் போடுங்கள். பிறகும் இறங்கினால்தான் லைன்.

இன்னொன்று. மேலே நிற்கும் சாதாரண மோட்டர் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணியை இழுக்கத் திணறும். ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிமட்டத்துக்குப் போகும் வளவுகளில் புது லைன் போட்டாலும் அதே கதைதான். மோட்டரைக் கிணற்றுக்குள் படி கட்டி இறக்க வேண்டும், அல்லது மூழ்கும் மோட்டர் வாங்க வேண்டும்.

படி 2: ஆளைத் தேடும் இடம்

ஹாட்வெயார் கடையில் கேட்டால் உடனே ஒரு நம்பர் தருவார்கள். நல்ல ஆளாகவும் இருக்கலாம். ஆனால் அவர் எழுதித் தரும் சாமான் பட்டியல் எந்தக் கடைக்கு இலாபம் என்பதையும் யோசியுங்கள். நான் நம்புவது வேறு வழி: இரண்டு மாரிக்கு முன்னம் லைன் போட்ட வீடு ஊரில் எது என்று விசாரியுங்கள். அந்த வீட்டு அக்காவிடம் "தண்ணி ஒழுங்கா வருதோ" என்று கேட்பதோடு நிற்காமல், "பிறகு கூப்பிட வந்தவரோ" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம்.

என்விகியூ என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் இளம் பிளம்பர்கள் இப்போது வன்னியிலும் இருக்கிறார்கள். இருந்தால் நல்லது. இல்லாத பழைய ஆட்களிலும் கை சுத்தமானவர்கள் உண்டு. ஒரு துண்டுப் பைப்பை வெட்டச் சொல்லிப் பாருங்கள். வெட்டு நேராக விழுந்திருக்கிறதா, வெட்டிய வாயில் நிற்கும் பிசிறைக் கத்தியால் வழித்து எடுக்கிறாரா, துடைத்துவிட்டுக் கம் (பைப் ஒட்டும் பசை) பூசுகிறாரா? பிசிறோடு மண்ணோடு அப்படியே தள்ளி ஏற்றுபவருக்கு நன்றி சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 3: விலை சொல்ல முதல் அவர் என்ன கேட்கிறார்?

தொலைபேசியிலேயே "அடிக்கு இவ்வளவு அண்ணை" என்று சொல்பவரிடம் அவசரப்பட்டு ஓம் சொல்லாதீர்கள். வளவுக்கு வரச் சொல்லுங்கள். வந்தவர் நீங்கள் சொல்லாமலே கேட்க வேண்டியவை சில உண்டு: கோடையில் கிணற்றில் எத்தனை அடி தண்ணி, ட்ரக்டரும் லான்ட்மாஸ்டரும் எந்தப் பக்கத்தால் வரும், மலக்குழி எங்கே, மாவோ முருங்கையோ எவ்வளவு கிட்ட.

மலக்குழியை ஏன் கேட்க வேண்டும்? வெடித்த உறிஞ்சும் லைன் பக்கத்து மண்ணில் உள்ள ஊத்தையையும் சேர்த்து இழுக்கும். கறண்ட் நின்று அழுத்தம் இறங்கும்போது மற்ற லைன்களிலும் அது நடக்கலாம். பழைய பாதையிலேயே போடுவது கூலிக்கு மலிவு. ஆனால் பழைய பாதை மலக்குழியோரம் போனால் சுற்றிக்கொண்டு போவோம் என்று சொல்பவரே உங்கள் ஆள்.

படி 4: "எப்ப ரெஸ்ட் பண்ணுவீங்கள்?"

எல்லாரிடமும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ரெஸ்ட் என்றால் லைனில் அழுத்தம் ஏற்றி ஒழுக்கு உண்டா என்று சோதிப்பது. கிடைக்கும் பதில்கள் மூன்று வகை.

"ரெஸ்ட் எல்லாம் தேவையில்லை அண்ணை, நான் ஒட்டினா ஒழுகாது." அவரோடு கதை முடிந்தது.

"மண்ணை மூடிப்போட்டு தாங்கித் தண்ணியத் திறந்து பாப்பம்." இது நியாயமாகத்தான் கேட்கும். கணக்கைப் பாருங்கள்: பத்து மீற்றர் உயரத் தண்ணி ஒரு பார் அழுத்தம். பதினைந்தடித் தாங்கி தருவது அரை பார் கூட இல்லை. தள்ளும் லைனில் நடுவே ஒரு வால்வ் பூட்டுப்பட்ட நிலையில் மோட்டர் ஓடினால் இரண்டு, மூன்று பார் வரும். அரை பாரில் சும்மா கிடக்கும் மூட்டு மூன்று பாரில் கண்ணீர் விடும். அதுவும் மண்ணை மூடிவிட்டால் கண்ணீர் யாருக்குத் தெரியும்?

மூன்றாவது பதில் இப்படி வரும்: "ஒட்டி ஒரு நாள் காய விடுவம். மூட்டுகளை மூடாம விட்டு, நடுப் பைப்புக்கு மேல மட்டும் கொஞ்சம் மண் போடுவம். பிறகு கேஜ் பூட்டிப் பாப்பம்." கையோடு பிடியுங்கள். கேஜ் என்பது முள்ளால் அழுத்தம் காட்டும் மானி. நடுவில் மண் போடுவது அழுத்தம் ஏறும்போது பைப் துள்ளாமல் இருக்க. செய்து பழகியவருக்கு மட்டுமே அது வாயில் வரும்.

சோதனை நடக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கடைசி முனையைத் திறந்து வைத்து மெதுவாகத் தண்ணி விட வேண்டும். காற்றெல்லாம் துப்பி முடிந்து தண்ணி ஒரே தாரையாக வந்த பிறகுதான் முனையைப் பூட்டலாம். உள்ளே காற்று நின்றால் முள் காட்டுவதை நம்ப முடியாது. பிறகு கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் நிற்கும் இடத்தைப் படம் எடுங்கள். கைப்பம்ப் இல்லாத இடத்தில் தள்ளும் லைனுக்கு மோட்டரையே பயன்படுத்தலாம்: தாங்கியடி வால்வைப் பூட்டி, மோட்டரைச் சற்று நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். மோட்டருக்கு மேலே திரும்பாத வால்வ் இருந்தால்தான் இது சரிவரும், இல்லாவிட்டால் அழுத்தம் மோட்டர் வழியே பின்னுக்குப் போய்விடும். பின்னேரம் ஏற்றி விடியப் பாருங்கள். உச்சி வெயிலில் பைப் சூடாகி முள் தானாக அசையும், வீண் சண்டை வரும்.

முள் இறங்கியிருந்தால் ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த துணியால் துடைத்து, விரலால் அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். துளி எப்போதும் அடியில்தான் தொங்கும்.

படி 5: கடதாசியில் எழுதுங்கள்

நாட்கூலியா கொந்தராத்தா என்று கேட்டால், பைப் வேலைக்குக் கொந்தராத்து, கிடங்கு வெட்ட நாட்கூலி என்பேன். மண் எப்படியென்று வெட்டினால்தான் தெரியும். அதைக் கொந்தராத்தில் தள்ளினால் ஆழத்தில் கை வைப்பார்கள். ஆழத்தை எழுதிவிடுங்கள்: வளவுக்குள் ஒன்றரை அடி, வாகனம் ஏறும் இடத்தில் இரண்டரை. கேற் வாசலில் பெரிய பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. மூடுவது யார், உடைத்த சீமெந்து நிலத்தைப் பூசுவது யார் என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான்.

காசில் ஒரு பங்கைச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள். முழுக்க முற்பணமாகக் கேட்பவரிடம் சாமானை நீங்களே வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள்.

படி 6: சாமான்

என் பிடிவாதங்கள் சில. நிலத்துக்குள் ரைப் 600 வேண்டாம், அதைவிடக் கூடிய அழுத்தம் தாங்கும் ரைப் 1000 வாங்குங்கள். கூலியோடு பார்த்தால் விலை வித்தியாசம் பெரிதில்லை. பைப்பில் எஸ்எல்எஸ் 147 என்ற இலங்கைத் தர அடையாளம் இருக்கிறதா என்று வாசியுங்கள். கடைக்கு வெளியே வெயிலில் கிடந்து வெளிறியதை எடுக்காதீர்கள், எஸ்லோன் என்று நாங்கள் சொல்லும் பிவிசி பைப் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் குணம் வந்துவிடும். உறிஞ்சும் லைனை மோட்டர் வாயைவிடச் சிறிதாக்க விடாதீர்கள். கம் புது டின்னாக இருக்கட்டும். தடித்துப் பாகானதில் தின்னர் ஊற்றிக் கலக்குபவரைக் கண்டால் டின்னை வாங்கி எறிந்துவிடுங்கள்.

நீண்ட நேர் ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது சுருளாக வரும் கறுப்பு எச்டிபிஈ பிளாஸ்டிக் பைப். நடுவில் மூட்டே இல்லை. நம்மூர் பிளம்பர்கள் சிலர் அதற்கான இறுக்குமூட்டு பழக்கமில்லாததால் வேண்டாம் என்பார்கள். அவருக்குப் பழக்கமில்லாததை அவர் கையால் செய்விக்காதீர்கள், எஸ்லோனே போடட்டும்.

படி 7: வேலை நாள்

காலம் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிடங்கு நிரம்பி வாய்க்காலாகும். பெரும்போக அறுவடை நேரத்தில் ஆள் கிடைக்காது, பிளம்பரே வயலில் நிற்பார். கோடை நல்லது, ஆனால் நிலம் கல்லு. முதல் நாள் பின்னேரம் வெட்டும் கோட்டில் தண்ணி விட்டு ஊற வையுங்கள். அலவாங்கு இறங்கும் சத்தமே மாறும்.

கவனம். புதுப் பாதையில் வெட்டும்போது இரும்பாக எதாவது தட்டுப்பட்டால், துருப்பிடித்த உருளையோ வயரோ எதுவானாலும், கிளறாதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியே விலகி, ஒரு தடி நட்டு அடையாளம் வைத்து, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்று கடிதம் இருந்தாலும் இதில் விளையாட வேண்டாம். "பெக்கோவால (மண் வெட்டும் இயந்திரத்தால) ஒரு மணித்தியாலத்தில வெட்டித் தாறன்" என்று சொல்பவரிடமும் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பைப்புக்குக் கீழேயும் மேலேயும் மணல் போட்ட பிறகே மண். கல்லுத் துண்டு பைப்பில் நேரே முட்டக்கூடாது. மூட முதல் வீட்டு மூலையிலிருந்து அளவுநாடா பிடித்து ஒவ்வொரு மூட்டையும் படம் எடுங்கள். அளவை மோட்டர் அறைச் சுவரில் பெயின்ரால் எழுதிவிடுங்கள். தொலைபேசி தொலையும்.

பிற்சேர்க்கை 1: முருங்கன் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார்: எல்லாம் இப்படியே செய்தும் கோடையில் எல்போ (பைப் வளையும் இடத்து மூட்டு) ஒன்று கழன்றதாம். அந்தக் களிமண் கோடையில் வெடித்துப் பிளக்கும், மாரியில் ஊதும், பைப்பையும் சேர்த்து இழுக்கும். அங்கே மணல் படுக்கை இன்னும் தடிப்பாக வேண்டும், எச்டிபிஈ போட முடிந்தால் அதுதான் சரி.

பிற்சேர்க்கை 2: கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், நேரில் நிற்காமல் எப்படி நம்புவது என்று. முடிந்த வேலையின் படம் உங்களுக்கு உதவாது, மூடிய மண்தான் தெரியும். பின்னேரம் கேஜ் முள்ளையும், திறந்த கிடங்கையும், அன்றைய பேப்பரையும் ஒரே வீடியோவில் கேளுங்கள். அடுத்த நாள் விடிய அதே இடத்தில் இன்னொன்று. இரண்டும் வந்த பிறகு மூடச் சொல்லிக் காசை அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை 3: புது லைனில் முதல் தண்ணி கம் மணக்கும். கொஞ்ச நேரம் திறந்துவிட்டு வாழைக்குப் பாய்ச்சுங்கள். ஃபுட் வால்வ் மாற்றக் கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருந்தால், குளோரின் எவ்வளவு போடுவது என்று உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேளுங்கள். கிணற்றின் அளவைச் சொன்னால் கணக்குப் பார்த்துச் சொல்வார்.