முடுக்கை அளந்த பிறகு டிராக்டர் பாருங்கள்: குமரி மாவட்டத்து விளைக்கும் வயலுக்கும் ஏற்ற சின்ன டிராக்டர்

"ஜிவோ நல்லதா, குபோட்டா நல்லதா, ஸ்வராஜ் போதுமா?" சின்ன டிராக்டர் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டு மாதம் அலைந்து வாங்கி முடித்த பிறகு சொல்கிறேன், கம்பெனி பெயர் கடைசியில் வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் குமாரகோவில் பக்கம், வேளிமலை அடிவாரம். 2 ஏக்கர் விளையில் (மேட்டுத் தோட்டத்தில்) தென்னை, ஊடே நேந்திரன், மட்டி வாழைகள், ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி). கீழே 90 சென்ட் வயல். குமரியில் பலருக்கும் இதுதான் நிலைமை. ஒரே வண்டி மேட்டிலும் ஏற வேண்டும், தொளியிலும் (உழுது கலக்கிய சேற்று வயலிலும்) இறங்க வேண்டும். தஞ்சாவூர்க்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

கிளட்ச், கியர், டீசல் பற்றி எல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை.

படி 1: வாங்கத்தான் வேண்டுமா?

போன வருஷம் உழவுக்கு எத்தனை மணி நேரம் வாடகை கொடுத்தீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு ஏக்கருக்குள் நிலம் இருந்து, வேறு யாருக்கும் ஓட்டிக் கொடுக்கும் எண்ணமும் இல்லை என்றால் வாடகைதான் லாபம். உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். பக்கத்து நிலங்களுக்கும் ஓட்டிக் கொடுக்கலாம் என்று முடிவான பிறகுதான் நான் அடுத்த படிக்குப் போனேன்.

படி 2: முடுக்கு

முடுக்கு என்றால் எங்கள் பக்கம் ஒடுங்கிய சந்து வழி. வீட்டிலிருந்து விளைக்கும் வயலுக்கும் போகிற வழி முழுவதையும் அளக்க வேண்டும். டேப் வேண்டாம் என்பேன். கடையில் பார்க்கும் வண்டியின் மொத்த அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு இரண்டு பக்கமும் அரை அடி சேர்த்து ஒரு கமுகு வாரி (பாக்கு மரச் சட்டம்) வெட்டுங்கள். அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வழி முழுக்க நடந்து பாருங்கள். எங்கே கையாலையில் (மண், கல் வேலியில்) இடிக்கிறது, எங்கே மதில் தடுக்கிறது, எங்கே தென்னை மூடு உள்ளே தள்ளி நிற்கிறது என்று அந்த வாரியே காட்டிக்கொடுத்துவிடும்.

நேர் வழியில் சிக்கல் வராது. திருப்பத்தில்தான் வரும். எங்கள் முடுக்கில் இரண்டு மதிலுக்கு நடுவே ஒரு 'ட' திருப்பம் உண்டு. நான் முதலில் பார்த்து வைத்திருந்த 28 எச்.பி. வண்டி அகலத்தில் தாராளமாகப் போனது. திரும்பும்போது பின்னால் மாட்டியிருந்த கலப்பை மதிலில் உரசி நின்றுவிட்டது. வண்டியை ஓட்டிக் காட்ட வந்த அன்றே தெரிந்ததால் பணம் தப்பியது. ஆகையால் வண்டியின் நீளத்தோடு பின்னால் மாட்டும் கருவியின் நீளத்தையும் சேர்த்துத்தான் திருப்பத்தைக் கணக்குப் போட வேண்டும். 20, 25 எச்.பி. வண்டிகள் ஒரு பக்க பிரேக்கை மிதித்துத் திருப்பினால் பெரும்பாலும் 2 முதல் 2.5 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். ஒரு குச்சியை நட்டு அந்த நீளத்துக்குக் கயிறு கட்டித் தரையில் வட்டம் போட்டுப் பாருங்கள்.

வாழைக்கும் இதே கணக்குதான். நேந்திரனை 6 அடிக்கு 6 அடி நட்டிருந்தால், நாலு அடி அகல வண்டி கன்று சின்னதாக இருக்கும்போது மட்டும்தான் போகும். இலை விரிந்துவிட்டால் மேலே நிற்கும் புகைக்குழாய் இலையைக் கருக்கும். வாழைதான் முக்கியப் பயிர் என்றால், புகைக்குழாய் தாழ்வாக இருக்கும் மாடலைக் கேளுங்கள்.

படி 3: கருவியும் கொக்கியும்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

பெரிய டிராக்டருக்கு மாறிய ஒருவரிடமிருந்து பழைய ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஒன்றை மலிவாக வாங்கினேன். வண்டி வருவதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. வண்டி வந்த பிறகு மாட்டப் பார்த்தால், டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கும் கீழ்க்கை இரண்டும் ரோட்டவேட்டரின் முளைகளுக்கு எட்டவில்லை. காரணம் ரொம்ப எளிது. டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்புக்கு அளவு வகை உண்டு. கேட்டகரி 1 என்றால் கீழ் முளைகளுக்கு இடையே 683 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 27 அங்குலம். கேட்டகரி 1 என் என்பது அதன் ஒடுக்கமான வகை. அதில் இடைவெளி 400 மில்லிமீட்டர், 16 அங்குலம்கூட இல்லை. முளையின் தடிமன் இரண்டிலும் 22 மில்லிமீட்டர்தான். அதனால் படத்தைப் பார்த்தாலோ ஒரு முளையை மட்டும் மாட்டிப் பார்த்தாலோ வித்தியாசம் தெரியாது.

வெல்டிங் பட்டறையில் முளைகளை உள்ளே தள்ளி ஒட்டிக் கொடுத்தார்கள். மாட்டவும் முடிந்தது. ஆனால் அந்த ரோட்டவேட்டர் சின்ன வண்டிக்கு அளவுக்கு மீறிய பாரம். மேட்டில் தூக்கியவுடன் முன் சக்கரம் லேசாகிவிட்டது. ஸ்டியரிங் பிடிபடவில்லை. அன்றே நிறுத்திவிட்டேன்.

750 கிலோ தூக்கும் என்று விளம்பரத்தில் பார்த்து நம்பியிருந்தேன். அந்த எண் பெரும்பாலும் கீழ்க்கையின் நுனியிலேயே அளந்தது. கருவியின் பாரமோ அதற்கும் பின்னால் தள்ளி நிற்கிறது. சோதனை அறிக்கைகளில் நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் எவ்வளவு தூக்கியது என்று தனியாக ஒரு எண் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டிய எண்.

ஆகவே ரோட்டவேட்டரை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற வண்டி பிறகு. அகலம் எவ்வளவு? வண்டியின் பின் டயர் இரண்டின் வெளி விளிம்பையும் மூட வேண்டும். மூடாவிட்டால் டயர் மிதித்த தடம் உழாமல் கெட்டியாகக் கிடக்கும். அதற்கு மேல் அகலம் கூடக் கூட தென்னை வேரில் படும், முடுக்கில் இடிக்கும். என்னிடம் இப்போது இருப்பது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலான அகலம், எனக்கு அது போதுகிறது. எத்தனை எச்.பி. வேண்டும் என்பது கருவியின் தகட்டிலேயே அடித்திருக்கும்.

அங்கே ஒரு கவனம். வண்டியின் பெயரோடு சொல்லும் எச்.பி. இன்ஜினுடையது. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) எச்.பி., அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஒரே 24 எச்.பி. பெயரில் இருக்கும் இரண்டு வண்டிகளுக்கும் பி.டி.ஓ. எண் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: தொளியும் சரிவும்

கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) பொடிவிதை, அதாவது காய்ந்த மண்ணில் நேரடி விதைப்பு, போடுகிறவர்களுக்குக் காய்ந்த உழவு போதும், டூ வீல் டிரைவ் சமாளிக்கும். கும்பப்பூவுக்கு (இரண்டாம் போக நெல்லுக்கு) தொளி அடிக்க வேண்டும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தொளியில் முன் சக்கரம் தானாக இழுக்காவிட்டால், அது மண்ணைத் தள்ளிக்கொண்டு புதைந்துவிடும். எடை குறைந்த வண்டி ஆழத் தொளியில் நன்றாகவே மிதக்கும். இரும்புச் சக்கரம் மாட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொளியில் ஓடும் வண்டிக்கு எதிரி சேற்றுத் தண்ணீர்தான். முன் அச்சின் சீல் வழியாக உள்ளே போய்விட்டால் செலவு பெரிது. மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அவர்கள் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறார்கள். பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன், சேற்று ஓட்டத்துக்குப் பின் உள்ளே தண்ணீர் புகுந்ததா என்பதெல்லாம் அதில் உண்டு. நீங்கள் பார்க்கும் மாடலின் அறிக்கையை விற்பனையாளரிடமே கேளுங்கள். விளம்பரத் தாளை விட அந்த அறிக்கையைத்தான் நான் நம்புகிறேன்.

சரிவுக்கு ஒரே விதி. ஒடுக்கமான வண்டி பக்கவாட்டில் சீக்கிரம் கவிழும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் நிலத்துக்கு வாங்குகிறவர்கள் சக்கர இடைவெளியை எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்து ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாத வண்டியைச் சரிவுக்கு வாங்கவே வாங்காதீர்கள். சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும். மடக்கி வைத்திருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. ரோட்டில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: இப்போது கம்பெனி

மேலே உள்ளதை எல்லாம் முடித்தால் நாலைந்து மாடல்தான் மிஞ்சும்.

ஸ்வராஜ் 717 ஒற்றை சிலிண்டர், 15 எச்.பி. சமதளமான தென்னந்தோப்பில் இடையுழவும் சின்ன டிரெய்லரும் மட்டும்தான் வேலை என்றால் அதற்கு மேல் செலவு தேவையில்லை. எங்கள் தொளிக்கு அது போதாது என்று விட்டேன். வி.எஸ்.டி. பெங்களூரு கம்பெனி, நம் பக்கத்தில் பவர் டில்லர் வழியாகப் பழகிய பெயர். அவர்களின் 180டி மாடலில் 3 சிலிண்டர். பவர் டில்லர் ஓட்டிப் பழகியவர்கள் முதலில் இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஜான் டியர் 3028 இ.என். 28 எச்.பி., பலமான வண்டி, முடுக்கு அகலமாக இருப்பவர்களுக்கு. மகிந்திராவின் ஓஜா வரிசை 2023-இல் வந்தது. அதில் 2121 என்பது 21 எச்.பி.

எனக்குக் கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. குபோட்டா நியோஸ்டார் பி 2441, மகிந்திரா ஜிவோ 245. இரண்டும் 24 எச்.பி., இரண்டும் ஃபோர் வீல் டிரைவ். குபோட்டாவுக்கு 3 சிலிண்டர், ஜிவோவுக்கு 2. குபோட்டாவின் ஓட்டம் மென்மை. அதிர்வு குறைவு. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காது. ஓட்ட எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் வாங்கியது ஜிவோ. பி.டி.ஓ. எச்.பி. அதில் கூடுதல் என்பது ஒரு காரணம். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் அந்த இன்ஜினைக் கழற்றி மாட்டிப் பழகியவர் என்பது பெரிய காரணம். கும்பப்பூ நேரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு வண்டி இரண்டு நாள் நின்றால் நாற்று முற்றிவிடும். உங்கள் ஊர் மெக்கானிக் குபோட்டா தெரிந்தவர் என்றால் நீங்கள் குபோட்டா வாங்குங்கள். அவரிடம் ஆயில் ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் எத்தனை நாளில் வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 6: மானியமும் விலையும்

மானியம் வேண்டும் என்றால் முதலில் வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகுதான் வண்டி. முந்தி வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு குறு விவசாயி சான்று, எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிட்டா இன்னும் அப்பா பெயரில், தாத்தா பெயரில் இருந்தால் அதைச் சரிசெய்யவே மாதங்கள் போகும். எனக்கு எட்டு மாதத்தில் மூன்று மாதம் அதற்கே போனது.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு கையில் இருந்தால் புதியது வாங்குங்கள். பதிவு, இன்ஷூரன்ஸ், இரும்புச் சக்கரம், முன் எடை, இவற்றைச் சேர்த்து ஒரே தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். புது ரோட்டவேட்டர், கேட்டகரியும் சரி, ஆனால் தூக்கும்போது பி.டி.ஓ. தண்டு இறுகிக்கொள்கிறதாம். தண்டு நீளம் கூடுதல். சின்ன வண்டியில் கியர்பாக்ஸுக்கும் கருவிக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் இது அடிக்கடி நடக்கும். அப்படியே ஓட்டினால் வண்டியின் பேரிங் போய்விடும். கருவியை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் அளந்து, குழாய் இரண்டையும் சம அளவு வெட்ட வேண்டும். ரொம்ப வெட்டிவிட்டால் ஓடும்போது கழன்று வந்துவிடும். பட்டறையில் வெட்டுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், வேட்டி, சேலை சுற்றிக்கொண்டால் உயிர் போகும்.

பிற்சேர்க்கை 2: இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஓட்டலாமா என்று தாழக்குடியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். வேண்டாம். ரோடும் கெடும், அச்சும் அடிவாங்கும். வயல் வரப்பில் வைத்து மாட்டிக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். நான் இப்போது சக்கரத்தை வயல் பக்கத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

பிற்சேர்க்கை 3: வண்டி எடுக்கிற அன்றைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ரோட்டவேட்டரைக் கடையிலேயே மாட்டிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மணி மீட்டரில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த 50 மணி நேரத்துக்கு முழு பாரம் கொடுக்க வேண்டாம். விளையில் மேலோட்டமாக உழுங்கள். 50 மணி ஆனதும் முதல் சர்வீஸில் ஆயிலை மாற்றுங்கள். அது முடிந்த பிறகு தொளியில் இறக்குங்கள்.