குளிர்நாட்டில் குட்டி விமானம்: ஒயில் கூலரை எவ்வளவு மூடுவது?

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலைய வெயிலில் ஒயில் கொதித்துவிடுமோ என்பதுதான் கவலை. கனடாவில் பறக்கப் பழகும் எங்கட பிள்ளைகளுக்கு மாசியில் வேறு தலையிடி: ஒயில் சூடேறவே மாட்டாது.

குட்டி விமானங்களில் பரவலான லைக்கொமிங் எஞ்சினில் பறக்கும்போது ஒயில் 80 பாகை செல்சியசை அண்டி நிற்பது நல்லது. அதற்கு நன்றாகக் கீழே கிடந்தால், எரிதலில் உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒயிலிலேயே தங்கி அமிலமாகும். வால்வுகளை இயக்கும் கேம் சாஃப்ட் துருப்பிடிக்கும். தரையில் சும்மா ஓடவிட்டால் ஈரம் கூடுமே தவிரக் குறையாது.

காற்றால் ஒயிலைக் குளிர்விக்கும் கூலரின் முகத்தை ஓரளவு மூடுவதே வழி. கண்டபடி ரேப் ஒட்டவேண்டாம். உங்கள் விமானத்துக்கு அங்கீகரித்த தகட்டைப் பராமரிப்புப் பொறியியலாளரைக் கொண்டு பூட்டுங்கள். செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தின் குளிர்காலத் தகடுகளைப் பூட்டுவது வெளிக்காற்று ஏறக்குறைய −7 பாகைக்குக் கீழே போனால்தான். வெயில் திரும்பியதும் கழற்ற மறந்தால், மேலேறும்போது ஒயில் சூடுகாட்டியின் முள் சிவப்புக் கோட்டைத் தேடிப் போகும்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கடுங்குளிரிலும் ஒயில் சூடு ஏறினால், கூலருக்குள் ஒயில் கட்டிபட்டிருக்கலாம். ஓட்டம் தடைப்படுவதால் சூடான ஒயில் கூலருக்குள் போகாமலே சுற்றும். அப்போது தகட்டைக் கழற்றி இன்னும் குளிர்காற்று விட்டால் நிலைமை மோசமாகும்.

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிறீதர் குழாயையும் பாருங்கள். நுனியில் பனி அடைத்தால் எஞ்சினின் உட்கூடான கிராங்கேசில் அழுத்தம் ஏறி, முன் சீல் பிதுங்கி ஒயில் முழுக்க வெளியே கொட்டிவிடும். குழாயில் சற்று மேலே ஒரு மாற்றுத் துளை இருக்கும். அது எஞ்சினை மூடும் கவுலிங்கின் சூட்டுக்குள் திறந்தபடி இருக்கவேணும்.

−12 பாகைக்குக் கீழே எஞ்சினை முன்சூடாக்காமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது.