வன்னிக்கு ஊழியப் பயணம்: முதல் மூன்று நாளில் செய்யக்கூடாதவை

கட்டுநாயக்காவில் இறங்கி, புத்தளம், அனுராதபுரம், வவுனியா கடந்து கிளிநொச்சிக்கு வந்துசேர ஏழெட்டு மணி நேரமாகும். வான் எங்கள் சபை வளவுக்குள் திரும்பும்போது பிள்ளைகளின் முகம் வாடிப்போயிருக்கும், கால் வீங்கியிருக்கும். ஆனாலும் இறங்கிய கையோடு குழுத் தலைவர் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "நாளைக்குக் காலமை எத்தினை மணிக்குக் கிராமத்துக்குப் போறம்?"

பத்து நாள் விடுமுறை. சபையார் காணிக்கை சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நாளும் வீணாகக் கூடாது என்ற தவிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று பல இடங்களிலிருந்து வந்த குழுக்களுக்குப் பதினொரு வருடமாகச் சமைத்தும், கூடவே நடந்தும், உங்கள் தமிழை எங்கள் சனத்துக்கும் எங்கள் தமிழை உங்களுக்கும் விளங்கப்படுத்தியும் வந்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். இப்படியான பயணங்களால் இங்கே உண்டாகும் காயங்கள் பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான் உண்டாகின்றன. கெட்ட எண்ணம் எவரிடமும் இருப்பதில்லை. அவசரம்தான்.

நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். எருசலேமின் மதிலைக் கட்ட ராஜாவின் கடிதத்தோடு வந்தவர், வந்ததும் மூன்று நாள் பேசாமல் இருந்தார். பிறகு சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இரவில் போய், இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். தன் மனதில் இருந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் அந்த ஊருக்கு அந்நியரும் அல்லர். தன் பிதாக்களின் கல்லறைகள் இருக்கிற நகரம் என்று அவரே சொல்கிறார். உங்களில் பலருக்கு வன்னியும் அப்படித்தான். அம்மப்பாவின் வீடு முழங்காவிலிலோ முள்ளியவளையிலோ இருந்திருக்கும். அந்த உரித்து உங்களுக்கு இருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று நாள் உங்களுக்கும் வேண்டும்.

விமானம் ஏறுமுன் நடக்கும் தவறு

சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வது முதலாவது தவறு. இணையத்தில் விண்ணப்பித்து எடுக்கும் அந்த முப்பது நாள் அனுமதி சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும்தான். ஊழியம் செய்வதற்கு அது செல்லாது. உங்களை அழைக்கும் சபையின் தலைமைப்பீடத்தோடு மாதக்கணக்கில் முன்னரே பேசுங்கள். கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களம் ஊடாக என்ன கடிதம் வேண்டும், எந்த விசா வேண்டும் என்று அவர்கள் கேட்டுச் சொல்வார்கள். "தமிழ் ஆக்கள்தானே, ஆர் கேக்கப்போறாங்கள்" என்று சொல்லும் குழுத் தலைவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்பார்கள். இலங்கை அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுக்கிறது. ஆனால் மதத்தை வெளிப்படையாக அனுசரிக்கவும் போதிக்கவும் உள்ள உரிமையைச் சொல்லும் 14ஆவது உறுப்புரை குடிமக்களைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் கையில் இருப்பது கனடா கடவுச்சீட்டு.

அந்தக் கேள்வி உங்களிடம் வராமலும் போகலாம். நீங்கள் விமானம் ஏறிய பிறகு எங்கள் வாசலுக்கு வரும். யார் வந்தது, எங்கே தங்கினது, எவ்வளவு காசு தந்தது என்று போதகர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இராணுவ முகாமைப் பின்னணியில் வைத்து எடுத்த ஒரு படம், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி எடுத்த ஒரு செல்ஃபி, அனுமதி எடுக்காமல் பறக்கவிட்ட ட்ரோன், எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ட்ரோனைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

சாமான் கொடுக்கும் ஆசை

முதல் நாள் காலையிலேயே சூட்கேஸைத் திறந்துவிடுவார்கள். ஒருமுறை முப்பது பள்ளிக்கூடப் பைகள் வந்தன. நல்ல பைகள். செய்தி பரவி நாற்பத்து மூன்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். முப்பது பேருக்குக் கொடுத்தாயிற்று. மற்றப் பதின்மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு சொக்லட்டோடு வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பதின்மூன்று தாய்மாரில் இருவர் எங்கள் சபைக்கு வருகிறவர்கள். பை கிடைத்த பிள்ளைகளில் பலர் சபைப் பிள்ளைகளே அல்ல. அந்தக் கிராமத்தில் அதைப் பற்றிய கதை ஓய ஒரு வருடம் எடுத்தது.

பைக்கதை சிறியது. அதற்குப் பின்னால் பெரியதொன்று இருக்கிறது. 2004 சுனாமி முல்லைத்தீவை அள்ளிக்கொண்டு போன பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும், வன்னிச் சனம் வரிசையில் நின்று வாங்கியே வருடங்களைக் கழித்தது. தறப்பாளும் மாவும் பருப்பும் வரிசையில் வந்தன. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை வரிசைதான் வாழ்க்கையாக இருந்தது. இன்று அவர்கள் உப்பு, புளி, பச்சைமிளகாய் எல்லாம் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். அவர்களைத் திரும்பவும் ஒரு வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கும்போது அந்த முகங்களில் தெரிவது நன்றி மட்டும் அல்ல. கொஞ்சம் நேரமெடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பொருளைக் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த நாட்டில் பழையது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றம் வரைக்கும் போனது. அது சட்டமாகவில்லை, சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சந்தேகம் வடக்கில் சைவ அயலவர்களிடமும் இருக்கிறது. அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. அதனால் ஜெபக்கூட்டமும் சாமான் விநியோகமும் ஒரே நாளில், ஒரே இடத்தில் ஒருபோதும் வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் காசைக் கொண்டுவந்து, தேவையை மூப்பர்களிடம் கேட்டு, கிளிநொச்சிக் கடையிலேயே வாங்குங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் ஊடாகச் சமயம் பாராமல் கொடுங்கள். உங்கள் பெயர் அதில் வராது. பரவாயில்லை.

"யுத்தத்தில் என்ன நடந்தது?"

மற்றவற்றைச் சுருக்கிச் சொன்னாலும் இதை என்னால் சுருக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவை முதல் நாள் பின்னேரம் ஒரு அம்மாவின் வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூட்டிப்போனேன். வயது எழுபதுக்குக் கிட்ட. கதிரை போதாமல் அயல்வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தார். தேத்தண்ணி வந்து கையில் சூடு ஆறுமுன்னே, குழுவில் வந்த ஒரு பெண்பிள்ளை, நல்ல பிள்ளை, கண்ணில் அக்கறையோடு கேட்டாள்: "அம்மா, உங்கட வீட்டில யுத்தத்தில ஆரும் செத்தவையோ?"

அம்மா சொன்னார். வந்த விருந்தாளி கேட்டால் சொல்லாமல் விடுவது எங்கள் வழக்கமில்லை. மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கடைசிப் போரில் ஓடிய வழியை இடம் இடமாகச் சொன்னார். மகனைக் கடைசியாகக் கண்டது வட்டுவாகல் பாலத்தடியில் என்று சொன்னார். கேட்ட பிள்ளை விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டாள். மற்றவர்கள் எழும்பி அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார்கள். ஒருவர் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார்.

பிறகு இரண்டு மாதம் அம்மா ஆராதனைக்கு வரவில்லை. தேடிப்போய்க் கேட்டேன். "அந்தப் பிள்ளை அழுதது, பாவம். நான்தான் தண்ணி குடுத்துத் தேத்தினனான். அவை போனாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை" என்றார்.

அந்தக் குழுவை அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனது நான். அந்தக் கேள்வி வரப்போகிறதென்று நான் முதலிலேயே சொல்லித் தடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தக் குழு வந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்காதீர்கள். யார் செத்தார், யார் காணாமல் போனார், கால் எப்படிப் போனது, ஒன்றையும் கேட்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் உட்காரத் தொடங்கினார்கள். பதில் சொல்லவேண்டியவர்களிடம் இவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பெண்களிடம் நாம் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது? தானாகச் சொல்ல வந்தால், கையிலுள்ள கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். உடனே ஜெபத்தைத் தொடங்காதீர்கள், வசனமும் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகுதான் பிழை விட்டார்கள்.

மே 18ஐ ஒட்டியோ நவம்பர் கடைசியிலோ வருவதென்றால் முதலில் எங்களிடம் கேளுங்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அந்த நாட்களில் சனத்தின் மனம் வேறு. கடைசிப் போர்நாட்களில் குடித்ததன் நினைவாகக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சி தந்தால் அமைதியாக வாங்கிக் குடியுங்கள். பாட்டுக் கூட்டம் வைக்கும் நாட்கள் அல்ல அவை.

கிறிஸ்துவை முதன்முதலாகக் கொண்டுவருகிறோம் என்ற நினைப்பு

மன்னாரில் 1544ஆம் ஆண்டே விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையை விட்டு ஓடிய கத்தோலிக்கர்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்கு வந்தார்கள். அந்தக் காட்டுக்குத்தான் 2015 ஜனவரி 14ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் வந்தார். கடைசிப் போரில் சனத்தை விட்டுப் போகாமல் பங்கருக்குள் கூட இருந்த குருமாரும் போதகர்மாரும் உண்டு. அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இந்த ஊரில் வந்து, "இங்கே இருள் அதிகமாக இருக்கிறது" என்று முதல் ஞாயிறு ஒலிவாங்கியில் சொல்வது எவ்வளவு நோகும் என்று யோசியுங்கள்.

முதல் ஞாயிறு பாயில் இருங்கள். பேசச் சொல்லிக் கேட்பார்கள், அது மரியாதைக்கு. ஐந்து நிமிடம் வணக்கமும் நன்றியும் சொன்னால் போதும். தீர்மானத்துக்கு அழைத்துக் கை உயர்த்தச் சொல்லவேண்டாம். எங்கள் சனம் விருந்தாளியின் முகம் வாடவிடாது. கேட்டால் உயர்த்தும். போன குழுவுக்கு உயர்த்திய அதே கைகளை அடுத்த குழுவும் எண்ணி, ஊருக்குப் போய் அறிக்கை எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். சைவ வீட்டில் வருத்தக்காரர் இருந்தால் "ஜெபிக்கலாமா" என்று கேட்டு, ஓமென்றால் இருந்த இடத்திலிருந்தே மெல்ல ஜெபியுங்கள். சாமிப்படத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

உடம்பு, உடுப்பு, பாதை

சுருக்கமாகவே சொல்லலாம். ஆடி ஆவணி வெயிலில் முதல் இரண்டு நாள் பதினொரு மணிக்குப் பிறகு நிழலில் இருங்கள், கொதித்தாறின தண்ணீரைத் தாகமில்லாவிட்டாலும் குடியுங்கள். மலேரியா இல்லாத நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது, ஆனால் டெங்கு இருக்கிறது. காலில் காயத்தோடு வயல் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். இரவில் டோர்ச் இல்லாமல் மலசலகூடத்துக்கும் போகவேண்டாம், பாம்பு கிடக்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை எத்தனையோ வருடமாக நடக்கிறது. படத்துக்காக வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

வீட்டில் தந்ததைச் சாப்பிடுங்கள். எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவரும் அதைத்தான் சொன்னார், வீட்டுக்கு வீடு மாறவேண்டாம் என்றும் சொன்னார். வயிற்றுக்குப் பயமென்றால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், "வேண்டாம்" என்று தள்ளாதீர்கள். பெரியவர்களை நீங்கள் என்று கூப்பிடப் பழகிக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் வாய்தவறி ஐயாமாரை "நீ" என்பதைச் சனம் மன்னிக்கும், ஆனால் பெற்றோர் அதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம்தானே.

"அடுத்த வருடம் வருவேன்"

சின்னப் பிள்ளைகள் முதல் நாளிலேயே கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அன்பில் வாய் தானாக வாக்குக் கொடுத்துவிடும். 2008 செப்டெம்பரில் அரசு சொல்லித் தொண்டு நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. அன்று மன்றாடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் கையைப் பிடிக்கிறார்கள். விமானச் சீட்டு எடுத்த பிறகு எங்களுக்கு அறிவியுங்கள், பிள்ளைக்கு நாங்கள் சொல்கிறோம்.

போன வருடம் வந்த குழு மூன்று நாளும் ஒரு நிகழ்ச்சியும் வைக்கவில்லை. இரண்டு பேர் என்னோடு குசினியில் வெங்காயம் உரித்தார்கள், தேங்காய் துருவினார்கள். பொடியன்மார் மூப்பரோடு போய்ச் சபையின் வேலியைக் கட்டினார்கள். வழியில் கண்டவர்கள் "எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்று கேட்டால், அம்மம்மாவின் ஊரைச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் அந்த அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து குசினி வாசலில் இருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ர மகனுக்கும் உன்ர வயதுதான் அப்ப" என்று சொல்லி, அவன் பெயரைச் சொன்னார். அந்தப் பிள்ளை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் இருந்தாள்.