வெண்வால் மானுக்கு முதலில் வேண்டியது வெயில்: சொந்தக் காட்டைச் சீரமைக்கும் முறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஐந்து, பத்து ஏக்கர் காட்டோடு வீடு வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: "மான் வருகிறது, ஆனால் தங்குவதில்லை. மக்காச்சோளம் வாங்கிக் கொட்டலாமா?"

கொட்டாதீர்கள். மான் அசைபோடும் பிராணி. குளிர்காலம் முழுக்கக் குச்சியும் மொட்டும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று சோளம் நிறைந்தால், அமிலம் கூடி மான் செத்தே போகலாம். பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைப்பதால் சிடபிள்யூடி என்ற மூளை நோயும் பரவும். பென்சில்வேனியாவில் 2012இல் அது கண்டறியப்பட்டது. நோய் பரவிய வட்டாரங்களில் மானுக்குத் தீவனம் வைக்கவே தடை உண்டு.

உயர்ந்த மரங்கள் குடைபிடித்து நிற்கும் காடு நம் கண்ணுக்கு அழகு. மானுக்கு அது காலியான சமையலறை. இலையெல்லாம் அறுபதடி உயரத்தில் இருக்கிறது. மானின் வாய் எட்டுவதோ நாலைந்து அடிதான். வெயிலைத் தரைக்கு இறக்கினால் சாப்பாடு தானாக முளைக்கும்.

1. முதலில் நடந்து பாருங்கள்

பிப்ரவரியில், இலை இல்லாத காலத்தில் போங்கள். ஓரிடத்தில் மண்டியிட்டு, மானின் கண் உயரத்தில் பாருங்கள். நூறடிக்கு அப்பாலும் தடையில்லாமல் தெரிந்தால் அங்கே மான் படுக்காது. அப்புறம் இளங்குச்சிகளின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருந்தால் அது முயலின் வேலை.

ஒரு மான் நடமாடும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். உங்கள் பத்து ஏக்கர் அதில் ஒரு மூலைதான். ஆகவே அக்கம்பக்கத்தில் என்ன இல்லையோ அதைக் கொடுங்கள். பக்கத்தில் சோளக்காடு இருந்தால் நீங்கள் ஒளிந்துகொள்ளப் புதர் கொடுங்கள்.

2. வெட்டும் முன் களை எடுங்கள்

இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். நான் முதல் வருடம் அவசரப்பட்டு மரத்தை வெட்டினேன். திறந்த கால் ஏக்கரில் ஓக் கன்று ஒன்றுகூட வரவில்லை. ஆகஸ்டில் முழங்கால் உயரத்துக்கு ஜப்பானிய ஸ்டில்ட்கிராஸ் என்ற களைப்புல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. மான் அதைத் தொடாது. அது விதை போடும் முன்னரே பிடுங்குங்கள். மண்ணில் விழுந்த விதை சில வருடம் உயிரோடிருக்கும். ஜப்பானிய பார்பெரிப் புதர்களையும் விடாதீர்கள். லைம் நோய் பரப்பும் உண்ணிகள் அதனடியில்தான் கூட்டமாக இருக்கும். தரையை மூடிய பெரணியும் கன்றுகளை வரவிடாது.

3. எதை வைப்பது, எதை எடுப்பது

வைத்துக்கொள்ள வேண்டிய நல்ல ஓக் மரங்களுக்கு ரிப்பன் கட்டுங்கள். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே பருவத்தில் பழுக்கும். துவர்ப்பு குறைவு என்பதால் மான் அதைத்தான் முதலில் தேடும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு வருடம் ஆகும், ஆனால் கொட்டை குளிர்காலத்திலும் தரையில் கிடைக்கும். இரண்டும் இருக்கட்டும். ரிப்பன் கட்டிய மரத்தின் உச்சியை உரசி நிற்கும் மரங்களை மட்டும் வெட்டுவதற்கென்று பெயிண்டால் குறியிடுங்கள்.

இந்த இடத்தில் மாநில வனத்துறையின் ஃபாரஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

4. வெட்டுதல்

டிசம்பர் முதல் மார்ச் வரை வெட்டுங்கள். கோடையில் வௌவால்கள் மரப்பட்டைக்கு அடியில் குட்டியோடு தங்கும். ஹெல்மெட், கால் கவசம் இல்லாமல் செயின்சா என்ற மோட்டார் ரம்பத்தைத் தொடாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். ஆறு அங்குலத்துக்கு மேல் தடித்த மரத்தைப் புதியவர்கள் சாய்க்க வேண்டாம். பட்டையைச் சுற்றி வளையமாக வெட்டிவிட்டால் நின்றபடியே காயும், மரங்கொத்திக்கும் வீடாகும். பாதைக்கு அருகில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது.

சிவப்பு மேப்பிள் மரத்தைத் தரையோடு ஒட்டி வெட்டுங்கள். அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர் வரும். மானுக்கு அது விருந்து. விழுந்த கிளைகளை அள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள். மே கடைசியில் பெண்மான் தன் குட்டியை அந்தக் கிளைகளுக்குள்தான் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும்.

5. வேலி போட்டுச் சோதியுங்கள்

திறந்த இடத்தில் பத்தடிச் சதுரத்துக்கு ஐந்தடி உயரக் கம்பிவலை அடியுங்கள். இவ்வளவு சின்ன இடத்துக்குள் மான் குதிக்காது. இரண்டு கோடை கழித்து உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். உள்ளே இடுப்பளவு கன்றுகள், வெளியே வெறும் தரை என்றால், காடு தாங்குவதைவிட மான் அதிகம். ஓநாயும் பூமாவும் இந்த மாநிலத்தில் இல்லாமல் போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. இன்று மானின் எண்ணிக்கையைக் குறைப்பது வேட்டைதான். உரிமம் உள்ள வேட்டைக்காரர் ஒருவருக்குப் பெண்மானை வேட்டையாட அனுமதி எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே முளைத்த ஓக் கன்றுகளுக்குத் தனித்தனியாகக் கூண்டு போட்டுவிட்டு, காட்டின் அடுத்த துண்டில் மரம் வெட்டுவதை ஒரு வருடம் தள்ளிவையுங்கள்.