போலிக் கணக்கில் தனக்குத் தானே வக்காலத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரபலமான ஒருவரைப் பற்றி முன்பின் தெரியாத யாரோ இணையத்தில் நாலு வரி திட்டி எழுதுகிறார். அதில் பாதி பொய். சொந்தப் பெயரில் பதில் சொன்னால் 'இதற்கெல்லாம் இவருக்கு நேரம் இருக்கிறதா' என்று கேட்பார்கள். பேசாமல் விட்டால் மனசு ஆறாது. அந்த நேரத்தில்தான் வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கலாமே என்று தோன்றுகிறது. அந்த வலி உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இதுவரை மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைப் படித்தால் ஒன்று தெரியும். திட்டியவர் எழுதிய நாலு வரி இன்று யாருக்கும் நினைவில் இல்லை, அந்த ஃபேக் ஐடியின் பெயர்தான் நினைவில் நிற்கிறது.

இது இணையத்தோடு பிறந்த பழக்கமும் இல்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் கவிதைத் தொகுப்புக்குத் தானே பெயர் போடாமல் பாராட்டு விமர்சனங்கள் எழுதினார்.

பெயரை மாற்றினால் ஆளே மறைந்துவிடலாம் என்று நம்புவதுதான் முதல் தவறு. துப்பாக்கிகளும் குற்றங்களும் பற்றி எழுதிவந்த அமெரிக்க ஆய்வாளர் ஜான் லாட், 'மேரி ரோஷ்' என்ற பெயரில் இணைய விவாதங்களில் தன் ஆய்வுகளுக்காக வாதாடினார். அந்த மேரி, தான் லாட்டின் பழைய மாணவி என்றும், தனக்குக் கிடைத்த பேராசிரியர்களிலேயே அவர்தான் சிறந்தவர் என்றும் எழுதினாள். 2003இல் ஒருவர் மேரியின் ஐபி முகவரியையும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) லாட் அனுப்பிய மின்னஞ்சலின் ஐபி முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்று. லாட் ஒப்புக்கொண்டார்.

ஐபி முகவரி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. அப்போது அமெரிக்க செனட்டராக இருந்த மிட் ராம்னி 2019இல் ஒரு பேட்டியில், தனக்கு ட்விட்டரில் ஒரு ரகசியக் கணக்கு உண்டு என்று பெயரைச் சொல்லாமல் சொன்னார். சில மணி நேரத்திலேயே ஒரு பத்திரிகையாளர் 'பியர் டெலக்டோ' என்ற கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். ராம்னியைக் குறைசொன்னவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து பதில்கள் போயிருந்தன. நாம் யாரைப் பின்தொடர்கிறோம், எதற்கு விருப்பம் தெரிவிக்கிறோம், எந்த ஒரே ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் வாய் திறக்கிறோம் என்பதெல்லாம் கையெழுத்து மாதிரி. புனைபெயர் அதை மறைக்காது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெயரை மறைப்பது வேறு, பொய்ச் சாட்சி சொல்வது வேறு. புனைபெயரில் ஒரு கருத்தை எழுதினால் படிப்பவர் அந்தக் கருத்தை மட்டும் எடைபோடுவார். அதில் ஏமாற்று இல்லை. ஆனால் 'எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன், அவர் நல்லவர்' என்று எழுதும்போது, எழுதியவர் வெளியாள் என்பதாலேயே படிப்பவர் அதை நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் திருடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஹோல் ஃபுட்ஸ் என்ற அமெரிக்க மளிகைக் கடை நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் மேக்கி செய்தது இதைத்தான். 'ரஹோடெப்' என்ற பெயரில், பல ஆண்டுகள், யாஹூவின் பங்குச்சந்தை விவாதப் பக்கத்தில் தன் நிறுவனத்தைப் புகழ்ந்தார். போட்டி நிறுவனமான வைல்ட் ஓட்ஸை மட்டம் தட்டினார். மேக்கியின் முடிவெட்டு அழகாக இருக்கிறது என்றுகூட ரஹோடெப் எழுதியிருந்தார். அதே வைல்ட் ஓட்ஸை மேக்கியின் நிறுவனம் வாங்க முயன்றபோது, அதை எதிர்த்து வழக்குப் போட்ட அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் ஆவணங்கள் வழியாக 2007இல் குட்டு உடைந்தது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமும் விசாரித்தது, நடவடிக்கை எதுவும் எடுக்காமல் முடித்துக்கொண்டது. சட்டம் விட்டுவிட்டது, சரி. ஆனால் அந்தப் பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று யோசித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தவர்களுக்கு, பேசுவது முதலாளியே என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது.

அடுத்த தவறு மாட்டிய பிறகு நடப்பது. முதல் தவறைவிட இதுதான் அதிகம் கெடுக்கிறது. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஒர்லாண்டோ ஃபைஜஸ், அமேசானில் புனைபெயரில் தன் புத்தகத்தைப் புகழ்ந்து, தன் துறையிலேயே எழுதும் ரேச்சல் போலன்ஸ்கி, ராபர்ட் சர்வீஸ் ஆகியோரின் புத்தகங்களைத் தாக்கி எழுதியிருந்தார். 2010இல் சந்தேகம் எழுந்ததும் முதலில் மறுத்தார், வழக்கறிஞர் மூலம் மிரட்டினார். பிறகு எழுதியது மனைவி என்றார்கள். கடைசியில் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்ட இருவருக்கும் இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாளே 'நான்தான், மன்னியுங்கள்' என்று சொல்லியிருந்தால், குறைந்தபட்சம் வீட்டிலிருப்பவரை இதில் இழுக்காமல் இருந்திருக்கலாம்.

பதற்றத்தில் ஒளிந்துகொள்வதும் அப்படித்தான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்ஸர்ஸ் கூடைப்பந்து அணியின் நிர்வாகத் தலைவராக இருந்த பிரையன் கொலாஞ்சலோவுக்கு ஆதரவாக ஐந்து ட்விட்டர் கணக்குகள் பேசிவந்தன. அணியின் சொந்த வீரர்களைக்கூடக் குறைசொன்னன, வெளியே தெரியக்கூடாத தகவல்களைச் சொன்னன. 2018இல் விசாரித்த பத்திரிகையாளர் அணி நிர்வாகத்திடம் இரண்டு கணக்குகளைப் பற்றி மட்டுமே கேட்டார். மற்ற மூன்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. அன்றைக்கே அந்த மூன்றும் பொதுப்பார்வையிலிருந்து பூட்டப்பட்டன! மறைக்கச் செய்த வேலையே சாட்சியாகிவிட்டது. கணக்குகளை நடத்தியது மனைவி என்று பின்னர் தெரியவந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்றார் கொலாஞ்சலோ. ஆனால் உள்விவகாரங்கள் அவரிடமிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவுசெய்தது, அவர் பதவி விலகினார்.

பொறுப்பில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டாரோ உதவியாளரோ அன்பினால் செய்தாலும் பழி உங்களிடம்தான் வரும். முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, 'எனக்காகப் போலிப் பெயரில் யாரும் எழுத வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் 'நான் அவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதட்டும். விக்கிப்பீடியாவில் உங்களைப் பற்றிய கட்டுரையில் பிழை இருந்தாலும் இதே வழிதான். நீங்களே புகுந்து திருத்தாதீர்கள். யார் என்பதைச் சொல்லி, அந்தக் கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தோடு கேளுங்கள்.

வாசகர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். பிரபலம் ஒருவரை யாராவது ஆதரித்தாலே 'இது அவரோட ஐடிதான்' என்று பாய்வது. நடை ஒத்துப்போவது மட்டும் ஆதாரம் ஆகாது. உண்மையான ரசிகர் ஒருவரின் முகவரியைத் தோண்டி வெளியே போடுவது போலிக் கணக்கைவிடப் பெரிய கொடுமை.

சரி, இப்போதே ஒரு போலிக் கணக்கு கையில் இருந்தால்? அழித்துவிட்டு அமைதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட்டுகள் எங்கோ இருக்கும். கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட் 2017இல் தன்னைப் பற்றியே 'அவர்' என்று மூன்றாம் ஆள் போல, தன் சொந்தக் கணக்கிலிருந்தே ஒரு ரசிகருக்குப் பதில் போட்டார். கணக்கு மாற்ற மறந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பதிலில் தன் பழைய அணியையும் பயிற்சியாளரையும் குறைசொல்லியிருந்தார். சில நாட்களில் ஒரு மேடையில், அது சிறுபிள்ளைத்தனம் என்று நேராகச் சொல்லி, பயிற்சியாளரின் பெயரை இழுத்ததற்கு வருந்தினார். நீங்களும் அப்படி நேராகவே, இந்த வரிசையில் சொல்லுங்கள்: கணக்கு என்னுடையது, அதில் இவற்றை எழுதினேன், இன்னாரைப் புண்படுத்தினேன். அப்புறம் அந்த 'இன்னார்' ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.